மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன படிப்பு? வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பால்வாடி பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் மகளிர் குழுவில் பாதிப் பேர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர்கள். குழுக் கட்டடத்தின் கூடம் காலியாகக் கிடக்கிறது. 25 பிள்ளைகளை வைத்துப் பாலர் பள்ளி நடத்தலாமா? முதலில் என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?
(குழு உறுப்பினர், தேவனாம்பட்டினம்)

சாமான் அப்புறம். முதலில் உங்கள் வேலை நேரத்தைப் பாருங்கள். ஏலத்துக்குப் போகிறவர் விடியற்காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பால்வாடி திறக்க அதற்குப் பிறகு பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளை யார் கையில்? பெரும்பாலும் பாட்டி கையில், இல்லையென்றால் மூணாவது, நாலாவது படிக்கும் அக்கா கையில். அந்த அக்காவின் பள்ளிக்கூடம்தான் அடிபடுகிறது. உங்கள் தெருவில் அங்கன்வாடி நன்றாக நடந்தால் அதே நேரத்துக்கு இன்னொன்று திறக்காதீர்கள். இரண்டு இடத்திலும் பாதிப் பாதிப் பிள்ளைகள் உட்காருவார்கள். அங்கே கிடைக்கும் முட்டையும் தடுப்பூசிக் கணக்கும் உங்கள் பிள்ளைகளுக்குத் தவறிப்போகும். காலை 6 முதல் 9 வரை உங்கள் கூடம், பிறகு அங்கன்வாடி என்று பேசிவைத்துக்கொள்வதுதான் மீனவர் குப்பத்துக்குப் பொருந்தும்.

அங்கன்வாடி எட்டாத தூரம், அல்லது அங்கே இடமே இல்லை என்றால் முழு நேரமாகவே தொடங்குங்கள். பள்ளிக்கு முந்தைய பருவத்துப் பராமரிப்பு, கல்விக்கான 2013-ஆம் ஆண்டு தேசியக் கொள்கை சொல்லும் அளவு இது: 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, வெளியே விளையாட 30 சதுர மீட்டர், 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். 25 பிள்ளை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழிப்பறைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போனால்கூட மீதிப் பேரைப் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே. மாதச் செலவில் பெரும் பங்கு இந்த இருவர் சம்பளம்தான். அதற்கு வழி செய்யாமல் பெயின்ட் அடிக்கத் தொடங்கிய கூடங்கள் ஆறு மாதத்தில் பூட்டிக்கொள்கின்றன. இலவசமாக நடத்தினாலும் அனுமதி வேண்டுமா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாமான். மரக்கட்டை முதலிடம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் வேம்பு, ரப்பர் மரத் துண்டுகளில் செய்யச் சொல்லலாம். ஒரு கட்டை 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. கனம். அதில் பாதி நீளத்தில் கொஞ்சம், இரட்டை நீளத்தில் கொஞ்சம், ஆக 120 கட்டைகளாவது வேண்டும். அளவு பிசகக் கூடாது. இரண்டு சின்னதைச் சேர்த்தால் ஒரு பெரியது சரியாக வந்தால்தான் பிள்ளை பாதி, இரட்டிப்பு என்பதைக் கையாலேயே கண்டுபிடிக்கும். பிசகினால் கோபுரம் சாயும், பிள்ளை எழுந்து போய்விடும். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், வார்னிஷ் வேண்டாம். ஆணி அடித்த பேக்கிங் பெட்டி மரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது களிமண். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு அளவு என்றால் 25 பேருக்கு ஆறு கிலோ. குயவரிடம் கல் பொறுக்கியதாக வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி மூடிவைத்தால் பல வாரம் வரும். படக்கதைப் புத்தகம் நாற்பதாவது வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் விலை குறைவாகப் போடுகிறது. பழைய புடவை, சின்னப் பாத்திரங்கள், மீன் கூடை, உடைந்த கைப்பேசி, பழைய தராசு எல்லாம் சேர்த்தால் ‘கடை விளையாட்டு’ மூலை தயார். உங்கள் பிள்ளைகள் அங்கே மீன் ஏலம் விடுவார்கள், பாருங்கள்.

எண்ணிப் பழக விதைகள் சேகரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு மூன்றும் விஷம். சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் கிண்ணத்தில் போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புளியங்கொட்டை விஷமில்லை என்றாலும் மூன்று வயசுக்காரர்கள் மூக்கில் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சின்னச் சிரட்டை, பெரிய சிப்பி, பாட்டில் மூடி போதும்.

கே: பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சரிக்குப் போய் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். என் மகளுக்கும் அவன் வயசுதான், நாலு. பால்வாடியில் பாட்டும் விளையாட்டும்தான். முந்திரி உடைத்து வரும் கூலியில் நர்சரி ஃபீஸ் கட்ட முடியாது. என் பிள்ளை பின்தங்கிவிடுமா?
(ஒரு தாய், பண்ருட்டி அருகே)

எழுத்து வரவில்லை என்பதை வைத்துக் கவலைப்படாதீர்கள் அம்மா. பொதுவாகப் பிள்ளைகள் மூன்று வயசில் வட்டம் போடுவார்கள், நாலில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போது சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் கைக்கு வரும். ஏ, கே, இசட் எல்லாமே சாய்கோடு. நம் ‘அ’வை எடுத்தால் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்கோடு. நாலு வயசு விரலுக்கு இதெல்லாம் பாரம். அழுத்திப் பிடித்து எழுதவைத்தால் பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் அதை மாற்றப் படாதபாடு படுவார். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, பொத்தான் போடுவது, ஈரத்துணி பிழிவது, பாட்டில் மூடி திருகுவது எல்லாம் எழுத்துக்கு முந்தைய பயிற்சிதான். எழுத்துக்கு வரும்போதும் ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகளில் தொடங்கினால் சுலபம். ‘பட்டம்’ என்று ஒரு சொல்லே அதில் கிடைத்துவிடும்.

ஆனால் பாட்டும் விளையாட்டும் என்ற பெயரில் சும்மா உட்காரவைக்கும் பால்வாடியும் உண்டு. அதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். ஒரு நாள் காலை பத்தரைக்குப் போய் வாசலில் இருபது நிமிஷம் நில்லுங்கள். டீச்சர் பேசும்போது பிள்ளைகள் திருப்பிப் பேசுகிறார்களா, ஒரே குரலில் ஒப்பிக்கிறார்களா? பொம்மைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, தணிக்கைக்கு வருபவருக்காகப் பீரோவில் பூட்டியிருக்கின்றனவா? ஒரு பிள்ளை அழுதால் யாராவது பக்கத்தில் போகிறார்களா? சுவரில் பிள்ளைகள் கிறுக்கியது இருக்கிறதா, கடையில் வாங்கிய சார்ட் மட்டும்தானா? நாலுக்கும் நல்ல பதில் கிடைத்தால் உங்கள் மகள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்.

நாலாவது கேள்வியைவிட முதல் கேள்விதான் முக்கியம். பிள்ளை ‘மீனு’ என்றால், ‘ஆமா, மீன்’ என்று முடித்துவிடும் டீச்சர் ஒரு வகை. ‘ஆமா, பெரிய வஞ்சிர மீன். உங்க வீட்ல யாரு வாங்கியாந்தாங்க? எப்படிக் கழுவுனாங்க?’ என்று கேட்டுவிட்டுப் பிள்ளை வாய் திறக்கும்வரை காத்திருப்பவர் இன்னொரு வகை. பின்னவரிடம் படிக்கும் பிள்ளைதான் பிற்பாடு பாடத்தைப் புரிந்து வாசிக்கும். இதை வீட்டில் நீங்களும் செய்யலாம். முந்திரிக்கொட்டை பிரிக்கும்போதே பெரியது, சின்னது, சொத்தை என்று பேச ஆயிரம் இருக்கிறது. கொட்டைப் பக்கம் மட்டும் பிள்ளையை விடாதீர்கள், ஓட்டுப்பால் பட்டால் தோல் வெந்துபோகும்.

ஆங்கிலப் பள்ளிதான் வேண்டும் என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. எல்.கே.ஜி.யிலேயே சேர்க்கலாம். கட்டணத்தை அரசு கொடுத்தாலும் வேன், யூனிஃபார்ம், ‘ஆக்டிவிட்டி’ என்று பள்ளி தனியாகக் கேட்பதுண்டு. சேரும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, பக்கத்து நடுநிலைப் பள்ளியில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ‘மாண்டிசோரி’ பலகையைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் முதல் வகுப்பைத் தொடங்கியது கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காக. இன்று அந்தப் பெயர் தொங்குவது ஊரிலேயே ஃபீஸ் அதிகமான வாசலில்.

கே: அங்கன்வாடிப் பணியாளர் நான். 3, 4, 5 வயசுப் பிள்ளைகள் 22 பேர் ஒரே அறையில். ஆயா அடுப்பில் நின்றால் நான் ஒருத்திதான். ரிஜிஸ்டர், செல்போன் பதிவு வேறு. எப்படித்தான் பாடம் நடத்துவது?
(பாகூர் கொம்யூன், புதுச்சேரி)

உங்கள் நாளை அடுப்பை வைத்துப் பிரியுங்கள். ஆயா அறைக்குள் இருக்கும் நேரத்தில் சின்னக் குழு வேலை; ஆயா அடுப்பில் இருக்கும்போது எல்லாரும் ஒன்றாக உட்காரும் கதை, பாட்டு, களிமண்; அடுப்பு அணைந்த பிறகே வெளி விளையாட்டு. காய் நறுக்குவது, அரிசி களைவது எல்லாம் பிள்ளைகள் வருமுன் முடிந்துவிட வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

மாதிரிக்கு ஒரு காலை. 9.15-க்கு வரும்போதே கை கழுவி, ஏதாவது வயிற்றுக்கு. தமிழ்நாட்டில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு. அண்ணன் சாப்பிட்டுவிடுகிறான், பால்வாடித் தம்பி வெறும் வயிற்றோடு வருகிறான். எந்த ஊரானாலும் பத்து மணிக்குப் பிள்ளை முரண்டு பிடித்தால் முதலில் பசியைச் சந்தேகியுங்கள். சத்துமாவு கொடுப்பதானால் உருண்டையாகவோ கெட்டிக் கஞ்சியாகவோ கொடுங்கள். நீர்க்கக் கரைத்தால் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். அங்கன்வாடித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்காக இருந்தது.

வருகைப் பதிவைப் பிள்ளைகளே போடட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் பேர், பக்கத்தில் ஒரு படம்: குடை, காகம், பலாப்பழம். வந்ததும் தன் அட்டையை எடுத்துச் சுவரில் உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மூன்று மாதத்தில் பெரிய பிள்ளைகளின் படத்தை மடித்துவிட்டால் பேரை வைத்தே கண்டுபிடிப்பார்கள். மாட்டாத அட்டைகள்தான் வராதவர்கள். ரிஜிஸ்டர் இரண்டு நிமிஷத்தில் முடியும். மற்றப் பதிவுகளைச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

10 முதல் 10.40 வரை நாலு மூலை: கட்டை, கடை விளையாட்டு, புத்தகம், வரிசைப்படுத்தும் பொருட்கள். மூலைக்கு ஐந்தாறு பேர். ஆயா மூன்று மூலையைச் சுற்றி வரட்டும், நீங்கள் நாலாவது மூலையில் தரையில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரு குழு என்றால் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் பேசியிருப்பீர்கள். வாரக் கடைசி நாளை அதிகம் பேசாத பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வயசு கலந்திருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஐந்து வயசுக்காரி மூன்று வயசுக்காரனுக்கு விளையாட்டு விதி சொல்லும்போது இருவரும் மொழி கற்கிறார்கள்.

10.40-க்கு ஆயா அடுப்புக்குப் போகிறார், நீங்கள் கதை எடுக்கிறீர்கள். தினம் ஒரு புதுக் கதை வேண்டாம், ஒரே புத்தகம் நாலு நாள். முதல் நாள் நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் நாள் பக்கம் திருப்புமுன், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ மூன்றாம் நாள் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, படத்தைப் பார்த்து அவர்களையே சொல்லவிடுங்கள். நாலாம் நாள் நடிப்பு. ‘இது என்ன நிறம்?’ என்ற கேள்விக்கு ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். ‘ஆடு ஏன் ஓடுச்சு?’ என்றால் ஒரு வாக்கியம் வரும். கதை முடிந்ததும் களிமண்ணில் அந்த ஆட்டைச் செய்யட்டும்; ஆயா வரும்வரை நேரம் போய்விடும். 11.20-க்கு அடுப்பு அணைந்ததும் வெளியே. மணல் குவித்து வைத்திருந்தால் இரவில் தார்ப்பாயால் மூடுங்கள், நாயும் பூனையும் அதைக் கழிப்பறையாக்கிவிடும்.

குழாய் இல்லையென்றால் கை கழுவ ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் போதும். வாயருகே சூட்டாணியால் ஒரு சின்ன ஓட்டை, கேனின் கைப்பிடி வழியே ஒரு கம்பு, வாயருகிலிருந்து கயிறு இறங்கித் தரையில் ஒரு குச்சி. குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும். சோப்பை வலைப்பையில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாளில் காக்கை கொண்டுபோகும்.

கே: கிள்ளை பக்கம் இருளர் குடியிருப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டுக் கல்வி நடத்துகிறோம். பொங்கல் முடிந்ததும் பாதிக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது. திரும்பி வரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.
(கல்லூரி மாணவர்கள், சிதம்பரம்)

மறப்பது இயல்பு. ஜூன் தொடங்கி ஏப்ரலில் முடியும் பாடத்திட்டம் சூளை வேலையின் ஓட்டத்துக்குப் பொருந்தாது. இரண்டிரண்டு வாரமாகத் துண்டு போடுங்கள்: தண்ணீர், நண்டு, வீடு, மழை என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டும். எந்த வாரம் வந்து சேர்ந்தாலும் பிள்ளை அந்த வாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நண்டை எடுத்தால் கடிக்கும் கால் இரண்டு, நடக்கும் கால் எட்டு. பத்துவரை எண்ண இதைவிட நல்ல பாடப்புத்தகம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. கழிமுகத்தில் இறங்கி இறால் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ‘ஆப்பிள்’ படத்தைக் காட்டி எண்ணச் சொல்வது வீண்.

கிளம்புமுன் எந்த ஊர்ச் சூளை என்று கேட்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை, எடைக் குறிப்பு இரண்டையும் நகலெடுத்துத் தாயிடம் கொடுங்கள். போன இடத்து அங்கன்வாடியிலும் சேர்க்கலாம். ‘வெளியூர்க்காரர்’ என்று மறுத்தால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள். ஒரு பையில் நாலு படப்புத்தகம், ஒரு கயிறு, சாக்பீஸ் போட்டு அண்ணன் அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். எல்லாம் திரும்பி வராது, வராவிட்டாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. தலை வாரவில்லை, சட்டை அழுக்கு என்று வாசலில் சொல்லும் ஒரு சொல் போதும், அந்தத் தாய் மறுநாள் பிள்ளையை அனுப்ப மாட்டார். சீப்பும் வாளித் தண்ணீரும் உள்ளே வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டாகவே முகம் கழுவுங்கள்.

கே: இரண்டு மாதமாக என் பேரன் பால்வாடியில் வாயே திறப்பதில்லை. மூன்றரை வயசு.
(ஒரு பாட்டி, நெல்லிக்குப்பம்)

வீட்டில் பேசுகிறானா? அங்கே மூன்று நாலு சொல் சேர்த்துப் பேசினால் பயம் தெளியும்வரை விடுங்கள். பேசச் சொல்லி நச்சரித்தால் இன்னும் இறுகிப்போவான். வீட்டிலும் பேச்சு இல்லையென்றால் முதலில் காதைச் சந்தேகியுங்கள். முதுகுப் பக்கம் பத்தடி தள்ளி நின்று மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். காதில் சீழ் வடிகிறதா என்றும் பாருங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொன்னால் கடலூர் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போகவும் செய்யலாம். ‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

கே: ஓய்வுபெற்றவன். பால்வாடி ஒன்றுக்கு நன்கொடையாக டி.வி. வாங்கித் தரலாமா? உண்மையில் ஒண்ணாம் வகுப்புக்கு முந்தைய படிப்பால் ஏதும் பயன் உண்டா?
(லாஸ்பேட்டை, புதுச்சேரி)

டி.வி. வேண்டாம் சார். அதை வைத்ததும் கதை நேரம் போய்விடும்.

பயன் பற்றி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 ஏழைப் பிள்ளைகள். 58 பேருக்குப் பாலர் கல்வி, 65 பேருக்கு இல்லை. முதலில் உயர்ந்த அறிவுத்திறன் மதிப்பெண் சில ஆண்டுகளில் சமமாகிவிட்டது. ஆனால் நாற்பது வயசுவரை தொடர்ந்து பார்த்தபோது பள்ளி முடித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள் பாலர் கல்வி பெற்றவர்களில் அதிகம், கைதானவர்கள் குறைவு. இதைச் சொல்லி நிதி கேட்பவர்கள் மறைக்கும் பாதி ஒன்று உண்டு: அங்கே ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், தினம் இரண்டரை மணி நேர வகுப்பு, வாரம் ஒரு முறை ஆசிரியரே வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்தார். நாற்பது பிள்ளையை ஒரு அறையில் அடைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே உங்கள் பணத்தை மாதத் தவணையாக ஒரு உதவியாளர் சம்பளத்துக்குக் கொடுங்கள். அது முடியாவிட்டால் தீர்ந்துபோகும் சாமான்: கனத்த கிரேயான், வெற்றுத் தாள், கோந்து, சோப்பு. தீர்ந்துபோகும் என்ற பயத்தில்தான் டீச்சர்கள் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டுகிறார்கள். ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் நிரப்பித் தர்றேன், தாராளமா எடுத்துக் கொடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

கே: வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் புகுந்து பொம்மை, புத்தகம் எல்லாம் பாழ்.
(குறிஞ்சிப்பாடி வட்டம்)

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்ததே இந்தக் கடலூர், புதுச்சேரிக் கரையில்தான். ஆகவே பாழாகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். புரட்டாசி முடியுமுன் புத்தகங்களை இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் வேப்பிலைச் சருகோடு போட்டுப் பரணில் ஏற்றுங்கள். வெளியே பத்துப் புத்தகம் மட்டும் இருக்கட்டும். நனைந்து பூசணம் பிடித்த காகிதத்தை எறிந்துவிடுங்கள், காயவைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டாம். கட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். துணிப் பொம்மையைக் கொதிக்கவைத்துப் பிழியலாம். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, வாடை போன பிறகே பிள்ளைகளை விடுங்கள்.

கட்டடம் காயும்வரை காத்திருக்காமல், கோயில் மண்டபமோ பள்ளித் தாழ்வாரமோ கிடைத்தால் அங்கே திறந்துவிடுங்கள். முதல் சில நாள் சாப்பாடு, தூக்கம், தெரிந்த பாட்டு, இவ்வளவு போதும். பிள்ளைகள் ‘தண்ணி வருது, ஓடு’ என்று ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடினால் தடுக்காதீர்கள், நீங்களும் கூட ஓடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் ஒரு பிள்ளை மட்டும் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.